நாட்பட்ட வலியும் தலையணையும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படும். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில், தறியில் குனிந்தே உழைக்கும் நெசவாளர்களுக்கு முதுகுவலி புதிதன்று. தலையணை வலியைக் குணப்படுத்தாது. உடல் வளைவுகளுக்கும் படுக்கைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பித் தசைகளின் இறுக்கத்தைக் குறைக்கும்.

ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்தால், மேற்கால் முன்னே சரிந்து இடுப்பையும் முதுகையும் முறுக்காது. மல்லாந்து படுப்பவருக்கு முழங்காலுக்கு அடியில் வைப்பது கீழ்முதுகின் இழுப்பைக் குறைக்கும். ஆனால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இதை இரவு முழுவதும் வழக்கமாக்கக் கூடாது. இதமாக இருப்பதாலேயே பலரும் இதை விடுவதில்லை. மடங்கியே கிடக்கும் முழங்கால் நாளடைவில் முழுமையாக நீட்ட முடியாமல் போகலாம்.

இப்பகுதித் தலையணைகளில் இலவம்பஞ்சு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. பக்கத்துத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் அதற்குப் பெயர்பெற்ற ஊர். இலவ இழை உள்ளீடற்றது. காற்று நிறைந்திருப்பதால் எடை குறைவு. அமுங்கிய பஞ்சை வெயிலில் காயவைத்துத் தட்டினால் ஓரளவு உப்பும். கழுத்தைத் தாங்க முடியாத அளவுக்குத் தட்டையான தலையணையையும் எறிய வேண்டியதில்லை. மடித்து முழங்கால்களுக்கு இடையே வைக்கலாம்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.