கொடுத்தும் காத்தவர்கள்

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி உறுதிப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றும், அந்த உரிமையை நிலைநாட்டும் வழக்குகளிலேயே எஞ்சிய ஆயுளின் பெரும்பகுதியைச் செலவழித்து, 1860-இல் கடனாளியாகவே கண்மூடிய சார்லஸ் குட்இயரின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். காப்புரிமையால் கோடீசுவரர்களானவர்களை அதற்கு முன்பே பார்த்துவிட்டோம். இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் வகையினர் சிலர் உண்டு. தாம் கண்டுபிடித்ததை முறைப்படி பதிவு செய்து, அதன் உரிமையை ஒரு விரற்கடையும் விட்டுக்கொடுக்காமல் காத்து, அதில் விளைந்த பொருளை மட்டும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே திருப்பியவர்கள் அவர்கள். உலகம் அவர்களை அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இந்தத் தொடரை எழுத வேண்டும் என்ற எண்ணமே அவர்களால்தான் உண்டாயிற்று.

நம் நாட்டவருக்கு இவ்விஷயத்தில் முதலில் நினைவுக்கு வரக்கூடியவர் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ். மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை அவர் பெயரால் வழங்கப்பட்டது உண்மையே. ஆனால் அது நலம் விரும்பிய நண்பர்களின் வற்புறுத்தலால் நேர்ந்ததேயன்றி அவருடைய சொந்த விருப்பத்தால் நேர்ந்ததன்று. அறிவை விலைப்பொருளாக்குவதில் அவருக்கு இயல்பாகவே ஓர் அருவருப்பு இருந்தது. அந்த உரிமையை அவர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டார். அந்தத் தியாகத்தின் உயர்வைப் பற்றி யாருக்கும் ஐயம் இராது. ஆயினும், வேண்டாம் என்று விட்டுவிட்ட பொருள் பொதுமக்களைத்தான் போய்ச் சேருகிறதா என்ற கேள்வியை எழுப்பி, அதற்கு விடையாகத் தம் வாழ்க்கையையே அமைத்துக்கொண்டவர் ஒருவர் அதே காலத்தில் கலிபோர்னியாவில் வாழ்ந்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் கார்ட்னர் காட்ரெல்.

1877-இல் ஓக்லந்து நகரத்தில் பிறந்த காட்ரெல், ஜெர்மனிக்குச் சென்று வான்ட் ஹாஃப், ஆஸ்ட்வால்ட் ஆகிய பெரும் ரசாயன அறிஞர்களிடம் பயின்று, திரும்பி வந்து பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் அந்தப் பிரதேசத்து உருக்காலைகளும் அமிலத் தொழிற்சாலைகளும் கக்கிய புகை, சுற்றியிருந்த வயல்களையும் பழத் தோட்டங்களையும் கருகச் செய்தது. விவசாயிகள் நீதிமன்றங்களில் வழக்கு மேல் வழக்காகத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். புகையிலும் அமில மூட்டத்திலும் மிதக்கும் நுண்துகள்களுக்கு மின்னேற்றம் தந்தால் அவற்றை அதற்கு மாறான மின்னேற்றம் கொண்ட தகடு ஒன்றில் ஒட்டச் செய்துவிடலாம் என்பது பௌதிக சாஸ்திரிகளுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் அதை 1880-களிலேயே வேல்ஸ் நாட்டு ஈய உலை ஒன்றில் செய்து பார்த்துத் தோற்றிருந்தார். அவர் கையில் இருந்த மின்னாக்கிகளுக்கு அவ்வளவு பெரிய புகையை ஆளும் பலம் இருக்கவில்லை. காட்ரெல், சாதாரண மாறுதிசை மின்சாரத்தையே டிரான்ஸ்பார்மரால் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, சுழலும் கருவி ஒன்றால் அதை ஒரே திசையில் பாயும்படி செய்து, அந்தப் பலக்குறைவைப் போக்கினார்.

ஆனால் அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. மின்னை வாயுவுக்குள் பரவச் செய்யும் உலோக முனைகள், எதிரே இருந்த தகட்டை நெருங்கி, இன்னும் சிறிது நெருங்கினால் தீப்பொறி பறந்துவிடும் என்ற நிலையில்தான் வேலை செய்தன. சற்று விலகினால் ஓய்ந்துவிட்டன. ஒரு நாள் அந்தி மயங்கும் வேளையில், முனைகளில் தோன்றும் மங்கிய ஒளியைக் கொண்டு அவற்றின் திறனை மதிப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மின்சாரத்தைக் கொண்டுவருவதற்காக மட்டுமே அங்கே கிடந்த, பருத்தி நூல் சுற்றிய சாதாரணக் கம்பி ஒன்று, எந்தத் தகட்டுக்கும் அருகில் இல்லாதிருந்தும், தன் நீளம் முழுவதும் ஊதா நிறத்தில் ஒரே சீராக ஒளிர்வதைக் கண்டார். பருத்தியின் நுண்ணிழைகள் ஒவ்வொன்றும், எந்தக் கொல்லனும் தீட்ட முடியாத அளவு கூர்மையான ஒரு முனையாக நின்று மின்னை வெளியே செலுத்திக்கொண்டிருந்தன. உதவாத கம்பி என்று ஒதுக்கக்கூடியதை நின்று நிதானித்துப் பார்த்த அந்தக் கண்ணுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்!

1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காப்புரிமை கிடைத்தது. பினோல் என்னும் ஊரிலிருந்த வெடிமருந்து ஆலையின் அமில மூட்டத்திலும், பிறகு செல்பி உருக்காலையிலும், அதன் பின் ஆரஞ்சுத் தோட்டங்களின் நடுவே புழுதி கிளப்பிக்கொண்டிருந்த ரிவர்சைடு சிமெண்டு ஆலையிலும் அது பயனுக்கு வந்தது. ஆலைக்காரர்களை இதற்கு இணங்கச் செய்தவை நீதிமன்றத் தீர்ப்புகளும், பிடிபட்ட தூசியில் ஈயமும் வேறு பொருள்களும் இருந்தமையும்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வரும் பொட்டாஷ் நின்றுபோனபோது ரிவர்சைடு ஆலை தன் தூசியிலிருந்தே பொட்டாஷ் எடுத்தது.

இந்த நிலையில் காட்ரெல் செய்ததுதான் விசேஷமானது. ஆரம்பத்தில் பணம் போட்டு உதவிய நண்பர்களையும் தம் கருத்துக்கு இணங்கச் செய்து, காப்புரிமைகளைப் பொதுப் பணிக்கென்று தானம் செய்ய முன்வந்தார். தானம் கொடுப்பதைவிட அதைப் பெற்றுக்கொள்ள ஆள் தேடுவது கடினமாயிருந்தது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிலையம், வியாபாரத்தோடு நேரடியான சம்பந்தம் வேண்டாம் என்று தயங்கிற்று. ஆனாலும் அதன் செயலாளர் சார்லஸ் வால்காட்டின் உதவியோடு 1912-இல் நியூயார்க்கில் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற புதிய ஸ்தாபனம் எழுந்தது. பங்குதாரர் எவருக்கும் லாபப் பங்கு கிடையாது. காப்புரிமைகளில் வரும் வருமானம் முழுவதும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு நன்கொடையாகப் போக வேண்டும் என்பது அதன் விதி.

‘எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பத்திரத்தைக் கிழித்தெறிந்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே காட்ரெலின் முடிவு. ஒரு யந்திரத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவரப் பெருமுதல் வேண்டும். முதலிடுபவன், நாளைக்கே போட்டியாளன் அதே பொருளைச் செய்து தன்னை வீழ்த்திவிடுவான் என்று அஞ்சினால் கைவைக்க மாட்டான். அது மட்டுமா? காவலற்றதாக விடப்பட்ட கண்டுபிடிப்பின் மேல் சிறு திருத்தம் ஒன்றைச் செய்து, அதற்குத் தனியாகக் காப்புரிமை பெற்று, முழுவதையும் வளைத்துக்கொள்ளவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பொது என்று விடப்பட்டு, குடிமராமத்தும் நின்றுபோன ஏரி முதலில் தூர்ந்து, பிறகு கரையோரத்துக்காரனின் வயலாகிவிடுவதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆகவே பொதுச்சொத்துக்கும் ஒரு தருமகர்த்தா வேண்டும் என்றார் காட்ரெல். போஸின் துறவையும் காட்ரெலின் காவலையும் எடைபோட்டுப் பார்க்கையில், முன்னதை நான் வணங்குகிறேன். ஆனால் நம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பின்பற்றத் தக்கது பின்னதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அது குறையற்ற ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. கொடை வழங்குவதற்கென்று பிறந்த ஸ்தாபனம், தானே புகைக்கருவிகளைக் கட்டி விற்கும் கம்பெனியாகப் பெருத்துவிட்டது காட்ரெலின் மனத்தை உறுத்தியது. அந்தப் பிரிவு அவர் காலத்துக்குப் பின்பு, 1954-இல்தான், தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. கருவிக்கும் எல்லை உண்டு. அது துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. 1948 அக்டோபரில் பென்சில்வேனியா மாகாணத்து டோனோரா என்னும் சிற்றூரைத் தொழிற்சாலைப் புகைமூட்டம் சூழ்ந்து, இருபது பேர் மாண்டபோது, புகையை ஒழிக்க யந்திரம் மட்டும் இருந்தால் போதாது, சட்டமும் வேண்டும் என்பது அமெரிக்கருக்கு உறைத்தது. அடுத்த மாதமே, பெர்க்லியில் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் அமர்ந்திருந்தபோது காட்ரெல் உயிர் நீத்தார். இன்று மேட்டூரிலும் நெய்வேலியிலும் அனல்மின் நிலைய ஊழியர்கள் ‘ஈ.எஸ்.பி.’ என்று சுருக்கிச் சொல்லும் பெருங்கூடங்களில், வரிசையாகத் தொங்கும் தகடுகளைச் சுத்தியல்கள் தட்டித் தட்டி உதிர்க்கின்ற சாம்பல், அவர் அந்தியில் கண்ட ஒளியின் வழிவந்ததே. அப்படி உதிரும் நிலக்கரிச் சாம்பல் சிமெண்டிலும், ஃப்ளை ஆஷ் கல் என்று கொத்தனார்கள் சொல்லும் செங்கல்லிலும் கலந்து நம் வீட்டுச் சுவர்களாகிவிடுகிறது.

அந்த ஸ்தாபனத்தின் பணம் எங்கெங்கே சென்றது என்பது தனிக் கதை. 1931-இல் எர்னஸ்ட் லாரன்ஸ் என்ற இளைஞர் அணுவைத் துருவும் சைக்ளோட்ரான் யந்திரத்தைப் பெரிதாக்க விரும்பியபோது, பணம் கொடுத்தவர்களுள் ரிசர்ச் கார்ப்பரேஷனும் ஒன்று. காட்ரெல் பாடம் நடத்திய பெர்க்லிக்கே அவர் தானம் இவ்வாறு திரும்பிச் சென்றது. பிற கண்டுபிடிப்பாளர்களும் தங்கள் காப்புரிமைகளை அந்த ஸ்தாபனத்தின் கையில் ஒப்படைக்கத் தொடங்கினார்கள்.

அவர்களுள் நமக்கு நெருக்கமானவர் ராபர்ட் ரன்னல்ஸ் வில்லியம்ஸ். அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில், பாதிரிமார் குடும்பத்தில், 1886-இல் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரத்தில் ரசாயனியாக வேலை பார்த்தபோது, தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்ணும் ஏழைகளைக் கால் வீக்கத்தாலும் இருதயத் தளர்ச்சியாலும் மாய்த்த பெரிபெரி நோயைக் கண்டார். தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று அந்நோயைத் தீர்க்கிறது என்று தெரிந்திருந்தது. அது என்ன என்று தெரியவில்லை. அதே காலத்தில் மலாயாவில், வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் அந்நோய்க்குப் பலியாக, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பித்ததை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். நெல்லைத் தோலோடு அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதைப் பின்னால்தான் சாஸ்திரம் விளக்கிற்று. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் அடுப்பின் முன் நின்று செய்துவந்த காரியத்துக்குக் காப்புரிமைப் பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும்.

வில்லியம்ஸ் பிற்காலத்தில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தின் ரசாயனப் பிரிவுக்குத் தலைவரானார். பகலில் அங்கே பணியாற்றி, ஓய்வு நேரத்தில் தவிட்டோடு போராடினார். மணிலாவில் தொடங்கிய தேடல் கால் நூற்றாண்டு கடந்து, 1936-இல், தயமின் எனப்படும் பி1 வைட்டமினின் அமைப்பைக் கண்டு செயற்கையாகவே ஆக்குவதில் முடிந்தது. அந்தக் காப்புரிமை ரிசர்ச் கார்ப்பரேஷனுக்குச் சென்றது. அவர் பெயரும் உடன் உழைத்த ராபர்ட் வாட்டர்மனின் பெயரும் தாங்கிய நிதி ஒன்று, உணவுக் குறைவால் வரும் நோய்களை ஒழிப்பதற்கென்றே அதிலிருந்து பிறந்தது. பிலிப்பைன்ஸின் படான் மாகாணத்தில், 1948-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வைட்டமின் ஏற்றிய அரிசியைச் சாதாரண அரிசியோடு கலந்து மக்களுக்குக் கொடுத்தபோது பெரிபெரிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. எந்த நாட்டில் நோயாளிகளைக் கண்டு மனம் வருந்தினாரோ, அந்த நாட்டுக்கே மருந்தாகச் சென்றது வில்லியம்ஸின் உழைப்பு.

இன்னும் இருவரைச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாகாண சுகாதாரத் துறையின் ஊழியர்களான எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரௌனும் இரு வேறு நகரங்களில் வேலை செய்தார்கள். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து, தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரௌன் அதிலிருந்து சத்தைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில், நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து, மனித உடலில் பூஞ்சக்காளான் நோய்களை அடக்கும் மருந்து 1950-இல் வெளிப்பட்டது. தாங்கள் பணியாற்றிய மாகாணத்தின் பெயரைத் தழுவி அதற்கு நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். குழந்தைகளின் வாயில் வெண்படலமாகப் படியும் நோய்க்கு இன்றும் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது அதுதான். நோய்வாய்ப்பட்ட எல்ம் மரங்களிடத்தும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1966-இல் ஆர்னோ நதி பெருக்கெடுத்து ஃபிளாரன்ஸ் நகரத்தின் கலைக்கூடங்களை மூழ்கடித்தபோது, ஈரத்தில் ஊறிய பழைய ஓவியங்களைப் பூஞ்சணம் தின்றுவிடாமல் காக்கவும் அந்த மருந்தே உதவிற்று. நோயாளியின் வாய்க்கென்று பிறந்த மருந்து, திரைச்சீலைக்கும் வர்ணத்துக்கும் காவலாயிற்று.

1957-இல் கிடைத்த காப்புரிமை, அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுகள் நீடித்தது. அதனால் வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையில் ஒரு பாதி ரிசர்ச் கார்ப்பரேஷனின் பொதுக் கொடைகளுக்கும், மறுபாதி அவ்விரு பெண்மணிகளின் பெயரால் அமைந்த நிதிக்கும் சென்றது. அந்த நிதி உயிரியல், மருத்துவம், பூஞ்சை ஆராய்ச்சி ஆகியவற்றில் புகுந்தவர்களுக்கு உதவிற்று. மாகாண அரசாங்கம் கொடுத்த சம்பளத்தோடு திருப்தியடைந்த அவ்விருவரும் அதிலிருந்து ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதே எண்ணத்தோடு 1923-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலர் விலையில் கைமாறிய இன்சுலின் காப்புரிமை, பின்வந்தவர்களின் திருத்தங்களால் எந்தக் கதியை அடைந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)