மேட்டில் வழுக்கும் கிளட்ச்

ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும் சாலையில் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன் போவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் அலறுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை. கருகிய வாடை வேறு வருகிறது.

"கிளட்ச் போச்சு" என்று சொல்லிவிடலாம். ஆனால் கோம்பியில் எஞ்சின் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கிளட்ச் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க எஞ்சினையே இறக்க வேண்டும். பெரிய வேலை, பெரிய செலவு. அதனால்தான் நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் அறிகுறிகளைப் படிக்கிறார்.

கிளட்ச் உராய்வை நம்பி இயங்கும் கருவி. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் மீது, உராய்வுப் பூச்சு கொண்ட தட்டு ஒன்றை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடியில்தான் சுழற்சி கியர்பெட்டிக்குப் போகிறது. மிதியை அழுத்தினால் பிடி விடும். ஆகவே கோளாறும் அடிப்படையில் இரண்டு வகைதான்: பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது.

வழுக்கல் ஏன் மேட்டில், அதுவும் உயர் கியரில் முதலில் தெரிகிறது? ஒரு கணக்குப் போடுவோம். வண்டியின் எடை 1,800 கிலோ, சரிவு பத்துக்கு ஒன்று என்றால், ஏறுவதற்கு மட்டும் சுமார் 1,760 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர், எனவே சக்கரத்தில் தேவையான முறுக்கு விசை சுமார் 580 நியூட்டன் மீட்டர். 1970ஆம் ஆண்டுக் கோம்பியில் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 20 சுற்றுச் சுற்றும். மூன்றாம் கியரில் ஏறத்தாழ 7 சுற்றுதான். அப்படியானால் கிளட்ச் தாங்க வேண்டியது முதல் கியரில் 29, மூன்றாம் கியரில் சுமார் 83 நியூட்டன் மீட்டர். தேய்ந்த தட்டு 29-ஐத் தாங்கிவிடும், 83-இல் தோற்றுவிடும். சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் மானத்தை வாங்குவதன் காரணம் இதுதான்.

விடாத கிளட்சின் அடையாளம் வேறு. எஞ்சின் ஓடும்போது மிதியை முழுதாக அழுத்தி, சில விநாடி பொறுத்து, ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்ப்பார்கள். 'கர்ர்' என்று பற்கள் உரசினால், தட்டு இன்னும் சுழல்கிறது என்று பொருள். (இச்சோதனையைப் பெரியவர்கள் செய்யட்டும், நீங்கள் வண்டிக்கு வெளியே, தள்ளி நின்று காது கொடுங்கள்.)

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு எதிரெதிர்க் கோளாறுகளுக்கும் ஒரே கேபிள் காரணமாகலாம். கோம்பியில் மிதியையும் கிளட்சையும் இணைப்பது வண்டியின் அடியில் ஓடும் ஒரு கம்பிக் கேபிள். மிதியை விரலால் தள்ளினால், எதிர்ப்பு தெரியும்முன் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். பட்டறையில் இதைப் 'பிளே' என்பார்கள். தட்டு தேயத் தேய பிளே குறையும். அது அறவே இல்லாமல் போனால், யாரோ எப்போதும் மிதியில் கால் வைத்திருப்பதுபோல் ஆகி, கிளட்ச் வழுக்கும். கேபிள் நீண்டாலோ பிளே கூடும். மிதியை முழுதாக அழுத்தினாலும் பிடி விடாது. ஆகவே முதல் சோதனைக் கருவி உங்கள் பென்சில் பெட்டியிலேயே இருக்கும் அடிக்கோல்தான்! பின்பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டைத் திருகியே பிளேயைச் சரிசெய்யலாம், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

நம் ஊர் மழையையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் கேபிள் துருவேறி மிதி கனக்கும். சில வேளை தட்டே துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

பிளே சரியாக இருந்தும் வழுக்கினால், வண்டியின் அடியில் பாருங்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறதா? கந்தக வாடை அடித்தால் அது பெரும்பாலும் கியர் எண்ணெய். கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். ஃபிளைவீலுக்குப் பின்னுள்ள சீல் கசிகிறது. எதுவானாலும் எண்ணெய் பட்ட தட்டில் உராய்வு குறைந்துவிடும், எஞ்சின் இறங்கியே ஆக வேண்டும். அப்போது சீலை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் மாற்றினால், புதுத் தட்டும் அதே எண்ணெயில் ஊறும்.