சிவப்பு விளக்கு எரியுது... சத்தம் போடாதீங்க!

பவர் டேபிளில் உட்கார்ந்துவிட்டால் கை துணியில், கண் ஊசியில், கால் பெடலில். மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் அந்தக் காதைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வைத்திருந்தது ரேடியோ! ஓவர்லாக் ஓட்டுகிற அக்காவுக்கும் அயர்னிங் டேபிளில் நிற்கிற அண்ணனுக்கும் அறிவிப்பாளர் குரல் தெரியும். ஆள் எப்படி இருப்பார் என்று தெரியாது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, திடீரென்று பாட்டு நின்று போனபோது உள்ளே யார் எங்கே ஓடினார்கள்? இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொள்ளை ஆசை. வாங்க, இன்றைக்கு உள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம்!

இரட்டைக் கதவுக்கு அந்தப்புறம்

நம் பகுதிக்குத் தாய்வீடு கோவை வானொலி நிலையம். மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸ். திருச்சி சாலையில் இருக்கிறது. அங்கே மட்டுமில்லை, எந்த ஆகாசவாணி நிலையத்துக்குள் போனாலும் ஸ்டுடியோவின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஒரு கனமான கதவு. அதைத் திறந்தால் ஒரு குட்டி இடைவெளி. அப்புறம் இன்னொரு கனமான கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். வெளியே போகிற லாரியின் ஹாரன் உள்ளே வந்துவிடக் கூடாதே! சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட பலகை. அது எதிரொலியைக் குடித்துவிடும். உள்ளே நின்று பேசினால் நம் குரலே நமக்குப் புதுசாகக் கேட்கும்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் மைக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நாற்காலி கிறீச்சிடக் கூடாது, தாள் சரசரக்கக் கூடாது, கண்ணாடி வளையல் குலுங்கக் கூடாது. சரி, இருமல் வந்தால்? அதற்கென்றே மேஜையில் ஒரு தனி சுவிட்ச்! அதை அமுக்கினால் அமுக்கியிருக்கும் வரை மைக் ஊமையாகிவிடும். இருமிவிட்டு விரலை எடுத்தால் போதும், கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ மார்கழிக் காலைகளில் நாம் கேட்ட கணீர்க் குரலுக்குப் பின்னால் அந்தப் பொத்தான் இருந்திருக்கிறது.

பக்கத்திலேயே டூட்டி ரூம். அங்கே உட்கார்ந்திருக்கும் டூட்டி ஆபீசர் ஒலிபரப்பு முழுவதையும் காதால் கேட்டு, நிகழ்ச்சி வரிசையை எழுதிய கியூ ஷீட்டோடு ஒப்பிட்டு, பிசகு நேர்ந்தால் எத்தனை வினாடி என்று லாக் புத்தகத்தில் எழுதி வைப்பார். நாம் "என்னடா, கரகரங்குது" என்று ரேடியோவின் தலையில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே ஒருவர் அதே கரகரப்பைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்!

பாடகி ஏன் பாடகர் ஆனார்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பழைய ஸ்டுடியோவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரெக்கார்டு பிளேயர்கள். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் அடுத்த இசைத்தட்டை வைத்து, பாட்டு தொடங்கும் பள்ளத்தைக் காதால் தேடி, ஊசியை நிறுத்திப் பிடித்திருக்க வேண்டும். இசைத்தட்டிலோ மூன்று வேகங்கள்: நிமிடத்துக்கு 78 சுற்று, 45 சுற்று, 33⅓ சுற்று. 45-இல் ஓட வேண்டிய தட்டை 33-இல் விட்டுவிட்டால் பி.சுசீலாவின் குரல்கூடத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆண் குரல் மாதிரி இழுக்கும். 33-இல் ஓட வேண்டியது 45-இல் ஓடினால் டி.எம்.சௌந்தரராஜன் சின்னப் பையனாகி ஓட்டமாய் ஓடுவார்! இரண்டு மூன்று வினாடிக்குள் கை பாய்ந்து திருத்திவிடும். ஆனால் அந்த இரண்டு வினாடிக்கு ஒரு தறிக்கூடமே சிரித்திருக்கும்.

தட்டில் கீறல் விழுந்திருந்தால் ஊசி அதே பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அறிவிப்பாளர் ஓடிவந்து விரல் நுனியால் ஊசியைத் தள்ளிவிடுகிற 'டப்' சத்தம் நம் வீடு வரை கேட்கும்.

ஸ்பூல் டேப்பில் இதைவிடப் பெரிய வேடிக்கை. நிகழ்ச்சியைப் பதிவு செய்த நாடாவை வினாடிக்கு ஏழரை அங்குலம் அல்லது பதினைந்து அங்குல வேகத்தில் ஓட்டுவார்கள். வேகம் மாறிக் கூடிவிட்டால் உரம் போடுவது பற்றிப் பேச வந்த வேளாண் அதிகாரி அணில் குரலில் கிறீச்சிடுவார். நாடாவை முன்பக்கத்துக்குச் சுற்றாமல் அப்படியே மாட்டிவிட்டாலோ போச்சு, பேச்சு பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வரும். எந்த நாட்டு மொழி என்றே புரியாது!

இப்படி எது நடந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வீணை இசையையோ புல்லாங்குழல் இசையையோ ஏற்று. பிறகு பதற்றத்தின் சாயலே இல்லாத அந்தக் குரல்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்." டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி, வழியில் இணைப்பு அறுந்து பாதியில் நின்றாலும் இதே வைத்தியம்தான். ஒரு மன்னிப்பைக்கூட இத்தனை அழகாகச் சொல்ல முடியுமா என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஊமையான செய்தி, உயிரோடிருந்தவருக்கு அஞ்சலி

ஒலிபரப்புப் பிசகு பெரிய ஊர்களையும் விட்டதில்லை. 1979 மார்ச் 22. அரசியல் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.) காலமானார் என்று ஆகாசவாணி அறிவித்துவிட்டது. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இரங்கல் உரையே நிகழ்த்தினார், அவையும் ஒத்திவைக்கப்பட்டது. ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்! அவர் மறைந்தது அந்த ஆண்டு அக்டோபர் 8-இல்தான். சரிபார்க்காமல் சொன்ன ஒரு வரி நாட்டையே அழ வைத்தது.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. பி.பி.சி.யில் செய்தி நேரம் வந்தது. இன்று செய்தி ஒன்றும் இல்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். மீதி நேரத்துக்குப் பியானோ இசை! செய்தி இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லிவிடும் அந்தத் துணிச்சலை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

பாட்டைத் துரத்தியதும் கூப்பிட்டதும்

வானொலி தன் பாணியை மாற்றிக்கொண்ட கதைகள் இன்னும் சுவை. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆகாசவாணியில் அதன் நேரத்தைக் குறைத்தார், கிட்டத்தட்ட காணாமலே போனது. கேட்பவர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள்! இந்தியில் அமீன் சயானி, தமிழில் எஸ்.பி.மயில்வாகனனும் பின்னால் வந்த கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் என்று அறிவிப்பாளர்களின் குரல்கள் கடலுக்கு அப்பாலிருந்த நிலையத்தின் வழியே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டன. வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3-இல் ஆகாசவாணி விவித பாரதியைத் தொடங்கியது. 1967-இல் அதில் விளம்பரமும் வந்தது. முள்ளைத் திருப்பிய விரல்கள் ஒரு அமைச்சரின் முடிவையே மாற்றின!

இரண்டாவது மாற்றம் நம் ஊருக்கென்றே நடந்ததுபோல் இருக்கும். மத்திய அலை ரேடியோவுக்கு மோட்டார் என்றால் ஆகாது. மின்சாரப் பொறி எங்கே தெறித்தாலும் அதையும் பாட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். வரிசையாக மோட்டார் ஓடும் தறிக்கூடத்தில், தகர ஷீட்டுக்குக் கீழே, டியூப்லைட் சோக்குக்குப் பக்கத்தில் 999-ஐ வைத்தால் எப்படிக் கேட்டிருக்கும்? ஜன்னல் வழியாக ஒரு ஒயரை வெளியே இழுத்துக் கட்டினாலும் பாட்டு பாதி, கரகரப்பு பாதி. பண்பலைக்கு அந்தத் தொல்லை இல்லை. அலையின் உயரத்தில் ஏறுகிற இரைச்சலை அது கண்டுகொள்ளாது, அதிர்வெண்ணை மட்டும் படிக்கும். நாட்டிலேயே முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23-இல் சென்னையில் தொடங்கியது. அது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு வயலின் பிசிறில்லாமல் கேட்டது!

உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். பண்பலை நேர்கோட்டில் பாயும், குறுக்கே மலை வந்தால் நின்றுவிடும். ஆனால் கோபுரமே மலைமேல் இருந்தால்? கொடைக்கானலில் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் இறங்கி வந்த கோடைப் பண்பலை, சமவெளி மாவட்டங்களைக் கைக்குள் போட்டுக்கொண்டது. கோவையின் ரெயின்போ பண்பலை 103-இல். 2003-இல் தனியார் நிலையமான சூரியன் எஃப்.எம். கோவைக்கு வந்தது. 2005-இல் தனியார் பண்பலைக்கான உரிமக் கட்டண முறையை அரசு மாற்றியது. அதற்கு முன் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறிக்கொண்டே போன கட்டணம், வருமானத்தில் 4 விழுக்காடு என்று ஆனதும் மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று கோவை நிறைந்தது. "நேயர்களே" போய் "வணக்கமுங்க" வந்தது. தபால் அட்டை போய் போன் வந்தது.

"மொதல்ல ரேடியோ சத்தத்தைக் கொறைங்க!"

போன் வந்ததும் பிசகும் புது அவதாரம் எடுத்தது. இதைக் கேட்காத காது கொங்கு நாட்டில் உண்டா?

"ஹலோ, வணக்கமுங்க! யாருங்க பேசறது?"

"ஹலோ... ஹலோ... நான் பேசறது கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குதுங்க. மொதல்ல உங்க ரேடியோ சத்தத்தைக் கொறைங்க."

"ஐயோ, என்ற குரலு ரேடியோவுல வருதுங்க!"

பின்னாலேயே 'கூய்ய்ய்' என்று ஓர் ஊளை. ரேடியோவில் வரும் குரல் போனுக்குள் போய், போனிலிருந்து மறுபடி ரேடியோவுக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் சத்தம் அது. திருப்பூர் அழைப்பு என்றால் பெயர் சொல்லும் முன்பே தெரிந்துவிடும், பின்னணியில் மெஷின் ஓடும். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பாட்டு, செக்கிங்கில் இருக்கும் சிநேகிதிக்கு ஒரு பாட்டு, நைட் ஷிப்ட் பார்க்கும் வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டு. பெயர்ப் பட்டியல் முடிவதற்குள் பாட்டே தொடங்கிவிடும்!

இப்போது ஒரு தொழில் ரகசியம். இன்றைய தனியார் நிலையங்களில் நாம் கேட்கும் அழைப்புகளில் பெரும்பாலானவை சற்று முன்னால் பதிவானவை. ஒரு பாட்டு ஓடும்போது அழைப்பை எடுத்து, திணறலை வெட்டி, பாட்டு முடிந்ததும் ஒலிபரப்புகிறார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைக் கணினி அடுக்குகிறது. ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் அதுவே பார்த்துக்கொள்ளும். சில வினாடி சத்தமே வராவிட்டால் ஒரு கருவி விழித்துக்கொண்டு தானே பாட்டைப் போட்டுவிடும். ஊசி சிக்காது, நாடா தலைகீழாகாது, ஊளை வராது. நள்ளிரவில் பல ஸ்டுடியோக்களில் ஆளே இருப்பதில்லை.

அந்த நாற்காலியில் ஆள் வேண்டும்

இங்கேதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. பிசகு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பிசகு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. நாம் விழித்திருக்கும் அதே நேரத்தில் நமக்காக இன்னொருவரும் விழித்திருக்கிறார் என்பதை. பாட்டு மட்டும் போதும் என்றால் இன்று செல்போனிலேயே கோடிக் கணக்கில் கிடக்கிறது. புளூடூத் ஸ்பீக்கர் இல்லாத பனியன் கம்பெனி எது? ரேடியோவால் மட்டும் கொடுக்க முடிந்தது உயிருள்ள ஓர் ஆள். விடிய விடிய மெஷின் ஓடும் ஊருக்கு அது சின்ன விஷயம் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு தைக்கிற பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு குரல் அவர்கள் பேச்சில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆகவே கோவையிலும் கொடைக்கானலிலும் நிலையம் நடத்துகிறவர்களே, நைட் ஷிப்ட் நேரத்தில் ஒரு மணி நேரமாவது கணினியை ஓரம் வைத்துவிட்டு ஆளை உட்கார வையுங்கள். அழைப்பை வெட்டாமல் நேரலையில் விடுங்கள். வாசகர்களே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். செல்போனில் எஃப்.எம். இருந்தால் இயர்போனைச் செருகுங்கள், அந்த ஒயர்தான் ஏரியல். 103-ஐயும் 100.5-ஐயும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், பிடித்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் முள்ளைத் திருப்பியே ஒரு நாட்டின் ஒலிபரப்பை மாற்றியவர்கள் நாம். கேட்கிறவர்கள் கேட்டால் கிடைக்கும்.