மருந்துச் சீட்டு எழுதும் நர்சு!

ஆஸ்பத்திரிக்குப் போனால் நாடி பிடிப்பவர் நர்சு. ரத்த அழுத்தம் பார்ப்பவரும் அவரே. ஊசி போடுபவர், இரவெல்லாம் கண் விழித்துக் கவனிப்பவர் எல்லாம் நர்சுதான். ஆனால், "உங்களுக்கு இன்ன நோய், இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்று சொல்லும் உரிமை மட்டும் டாக்டருக்கே உண்டு. காலங்காலமாக நாம் பார்த்து வரும் வழக்கம் இது.

இந்த வழக்கத்தை ஒரு நாடு மாற்றிக் காட்டியிருக்கிறது. அங்கே நர்சு படித்த பெண், அதற்கு மேல் ஒரு முதுநிலைப் பட்டம் பெற்றால், நோயாளியைத் தானே பரிசோதிக்கலாம்; நோய் இன்னதென்று முடிவு செய்யலாம்; மருந்தும் எழுதித் தரலாம். பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை வீட்டில் உள்ள எல்லோரையும் கவனிப்பவர் என்பதால் அவருக்குக் "குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்" என்று பெயர்.

பெங்களூரில் வாழும் தமிழர் வீடுகளில் நர்சிங் படிக்கும் பெண்களுக்குக் குறைவில்லை. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று எங்கே விசாரித்தாலும் தெருவுக்கு ஒரு பெண்ணாவது இருப்பாள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் ஏராளம். "பி.எஸ்சி. நர்சிங் முடித்தாயிற்று. அடுத்து என்ன?" என்ற கேள்வி அவர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

கொலராடோவில் பிறந்த யோசனை

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். மலைகள் நிறைந்த பகுதி. நகரங்களில் டாக்டர்கள் இருந்தார்கள், சிற்றூர்களில் இல்லை. அங்கே பொதுச் சுகாதார நர்சாக ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்தவர் லொரெட்டா ஃபோர்டு என்ற பெண்மணி. டாக்டர் வர முடியாத இடத்தில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரே துணை நர்சுதான் என்பதை அவர் நேரில் கண்டவர்.

"நர்சு செய்யக்கூடியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதற்கு ஏற்ற கல்வியைத்தான் நாம் கொடுக்கவில்லை" என்பது அவர் எண்ணம். குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வர் அவருடன் சேர்ந்து கொண்டார். 1965-ம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருவரும் உலகின் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். முதலில் குழந்தைகள் நலத்துக்கு மட்டுமே இருந்த பயிற்சி, பிறகு குடும்பம் முழுவதற்குமாக விரிந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "டாக்டர் வேலையை நர்சு பார்ப்பதா?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். "நர்சு தொழிலை விட்டு விலகுகிறாயே!" என்று நர்சுகளே கடிந்து கொண்டார்கள். அம்மையார் அசரவில்லை. 104 வயது வரை வாழ்ந்து, தாம் நட்ட செடி மரமானதைக் கண்ணால் பார்த்து விட்டு, 2025-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார். இன்று அமெரிக்காவில் உரிமம் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்கள் நான்கு லட்சம் பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் குடும்ப நலம் படித்தவர்கள்.

சோதித்துப் பார்த்தார்கள்

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நம்பிக்கை மட்டும் போதாது அல்லவா? கனடாவில் பர்லிங்டன் என்ற ஊரில் ஒரு சோதனை நடந்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை டாக்டரிடமும் சிலரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் ஒப்படைத்தார்கள். முடிவு 1974-ல் வெளியாயிற்று. இரு பிரிவினரின் உடல்நலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை நர்சு தாமாகவே கவனித்து அனுப்பினார். மற்றவர்களுக்கு டாக்டரின் உதவியை நாடினார்.

2000-ம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் தேவையில்லை என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. காய்ச்சல், இருமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை போன்றவற்றை, தகுந்த கல்வி பெற்ற நர்சு நன்றாகக் கவனிக்க முடியும் என்கின்றன. தன் எல்லை எது, எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவதும் அந்தக் கல்வியின் ஒரு பகுதி.

படிப்பு எப்படி?

முதலில் நான்கு ஆண்டு நர்சிங் பட்டம். பிறகு "என்கிளெக்ஸ்" என்ற உரிமத் தேர்வு. அதன் பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு.

இந்த முதுநிலைப் படிப்புக்கு மூன்று தூண்கள். நோய் உடலில் எப்படி உண்டாகிறது என்பது ஒன்று. மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டு. தலை முதல் கால் வரை நோயாளியைப் பரிசோதிப்பது எப்படி என்பது மூன்று. பி.எஸ்சி.யிலும் இவை உண்டு. ஆனால் அங்கே டாக்டர் எழுதியதைச் சரியாக நிறைவேற்றுவதற்காகப் படிக்கிறோம். இங்கே, தானே முடிவெடுப்பதற்காகப் படிக்க வேண்டும். பொறுப்பு முழுக்க வேறு.

ஏட்டுப் படிப்போடு முடியாது. 2022-ல் வகுத்த தர விதிகளின்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளிடையே நேரடிப் பயிற்சி பெற வேண்டும். பாடத்தை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் கேட்க அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் வசதி செய்திருந்தாலும், இந்த நேரடிப் பயிற்சிக்கு விலக்குக் கிடையாது. கடைசியில் தேசிய அளவில் சான்றிதழ்த் தேர்வு. அதில் தேறினால்தான் மாநில அரசு உரிமம் தரும்.

உரிமமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் சுதந்திரமாகத் தொழில் செய்யலாம். மற்ற மாநிலங்களில் டாக்டருடன் ஒப்பந்தம் அல்லது டாக்டரின் மேற்பார்வை வேண்டும்.

நம் நாட்டில் நிலை என்ன?

நர்சு கல்வியில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. தில்லியிலும் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் 1946-லேயே பட்டப்படிப்பு வந்து விட்டது. நர்சுகளின் பணி, கல்வி, ஊதியம் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் ஒரு தமிழ்ப் பெண்மணிதான். சரோஜினி வரதப்பன் தலைமையிலான அந்தக் குழு 1989-ல் அறிக்கை தந்தது.

ஆனால் பட்டம் வளர்ந்த அளவுக்கு அதிகாரம் வளரவில்லை. எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் விடுகிறார்கள். நோயாளியின் கட்டில் அருகே அந்தப் படிப்பு திரும்பி வருவது அபூர்வம்.

இந்தக் குறையைப் போக்கத்தான் இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு புதிய முதுநிலைப் படிப்பை வகுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு அது. இரண்டு ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குறைந்தது ஓராண்டு நோயாளிகளிடையே வேலை பார்த்திருக்க வேண்டும். வகுப்பறைப் பாடம் 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. ஆஸ்பத்திரி வகுத்துள்ள நெறிமுறைகளுக்கு உட்பட்டு மருந்தும் சிகிச்சையும் தொடங்கலாம் என்பது இதன் நோக்கம்.

பிரசவத்துக்கும் இப்படி ஒரு பயிற்சி உண்டு. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நர்சுகளுக்கு 18 மாதப் பயிற்சி தந்து, சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பிலேயே விடும் திட்டம் வந்தது.

"சரி, குடும்ப நர்சு எங்கே?" என்று கேட்கலாம். அதற்கு மிக அருகில் வருபவர் சமுதாய சுகாதார அதிகாரி. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றி, பெரும்பாலும் நர்சுகளையே அங்கே நியமித்தார்கள். சுமார் 5,000 மக்களுக்கு ஒரு மையம். மலைப் பகுதியானால் 3,000 பேருக்கு ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான முதல் பரிசோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். டாக்டர் குறித்துக் கொடுத்த மாத்திரையை மாதந்தோறும் அங்கேயே வாங்கிக் கொள்ளலாம்.

ஆனால் இதற்குத் தரப்படுவது ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சிதான். இப்போது அதை பி.எஸ்சி. பாடத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். வேலையைப் பார்த்தால் குடும்ப நர்சின் வேலை. கல்வியைப் பார்த்தால் அதில் ஒரு சிறு பங்கு. ஒரு கிராமத்தின் உடல்நலத்தை நம்பி ஒப்படைக்கும் பெண்ணுக்கு, அந்தப் பொறுப்புக்கு ஏற்ற கல்வியைத் தர வேண்டாமா?

சட்டம் எங்கே நிற்கிறது?

2019-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்கு உட்பட்ட உரிமம் தர வழி செய்தது. ஆரம்ப நிலை, தடுப்பு நிலைச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் எழுதலாம் என்றது. நாடெங்கும் டாக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். "அரைகுறைப் படிப்போடு மருந்து எழுத விடுவது ஆபத்து" என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படிப்பு இல்லாத கையில் மருந்துச் சீட்டைக் கொடுப்பது தவறு. ஆனால் அதற்குப் பரிகாரம் படிப்பைக் கொடுப்பதே தவிர, சீட்டை மறைத்து வைப்பது அல்ல. டாக்டரே எட்டிப் பார்க்காத ஊரில், படித்த நர்சுக்கும் உரிமை இல்லை என்றால், அந்த இடத்தைப் பிடிப்பவர் போலி டாக்டர்தான்.

1947-ம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. முதுநிலை நர்சுக்குரிய எல்லை என்ன, உரிமை என்ன, பதவி என்ன, ஊதியம் என்ன என்பது தெளிவாக வேண்டும். பட்டம் மட்டும் கொடுத்து, பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்தால் இரண்டு ஆண்டு உழைப்பு வீண்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நகையை அடகு வைத்து மகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு, பெங்களூருக்கு ரெயில் ஏறி வந்து சம்பாதிப்பவர்களின் பிள்ளைகளும் இதில் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது? கர்நாடகத்தில் ராஜீவ்காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? நர்சிங் கவுன்சிலின் அனுமதி, நீங்கள் சேரப் போகும் அந்தப் படிப்புக்கே இருக்கிறதா? பி.எஸ்சி.க்கு அனுமதி இருப்பதால் முதுநிலைக்கும் இருக்கும் என்று நினைத்து விடக் கூடாது.

பயிற்சி தரும் ஆஸ்பத்திரி எது? தீவிர சிகிச்சைப் படிப்பு என்றால், அங்கே எத்தனை படுக்கைகள்? சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? படித்து முடித்தவர்கள் இப்போது என்ன பதவியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பழைய மாணவிகள் இருவரிடமாவது நேரில் விசாரியுங்கள். இடம் வாங்கித் தருவதாக வரும் தரகரிடம் அல்ல.

"வீட்டிலிருந்தே படிக்கலாம், நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்தில் எட்டுப் பங்கு ஆஸ்பத்திரியில் நடக்கும் படிப்பைத் தபாலில் அனுப்ப முடியாது.

தமிழ்நாட்டுக்குத் திரும்பி வேலை பார்க்க விரும்பும் பெண்கள், இங்குள்ள பதிவை அந்த மாநில நர்சிங் கவுன்சிலுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். அமெரிக்கா செல்ல விரும்புவோர், இங்கே எந்த முதுநிலைப் பட்டம் பெற்றாலும் அங்கே நேரடியாகக் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி விட முடியாது. முதலில் என்கிளெக்ஸ் எழுதி நர்சாகத்தான் நுழைய வேண்டும். குடும்ப நலப் படிப்பை அங்கே படித்துச் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும்.

ஒரு வார்த்தை, பி.எஸ்சி. முடித்து நிற்கும் பெண்களுக்கு. அவசரப்பட்டு அடுத்த பட்டத்துக்கு ஓட வேண்டாம். இரண்டு ஆண்டு வார்டில் நன்றாக வேலை பாருங்கள். எந்த நோயாளி தேறுகிறார், எவர் நிலை மோசமாகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் பழக்கம் அங்கேதான் வரும். அந்தக் கண்ணோடு முதுநிலைப் படிப்புக்குப் போனால், மருந்தின் பெயரை மட்டும் அல்ல, அதை எப்போது எழுதக் கூடாது என்பதையும் கற்றுக் கொள்வீர்கள்.