டிபன் டப்பாவும் பயிற்சியாளரின் சொல்லும்

பூவிருந்தவல்லிச் சாலையின் இருபுறமும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்ட காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் வட்டாரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் குழந்தைகளைப் பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் அனுப்பிவந்த குடும்பங்கள் இப்போது ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கும் அனுப்பத் தொடங்கியிருப்பது மெய்யாகவே சந்தோஷம் தரும் மாறுதல். அந்தப் பயிற்சிக் கூடங்களில் குழந்தை கொண்டுவரும் ஆகாரத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் சொல்லும் சொல்லைப் பற்றி இங்கே பிரஸ்தாபிக்க விரும்புகிறேன்.

இப்பகுதிக் கூடம் ஒன்றில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்த டப்பாவின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, இடது கையால் மறைத்துக்கொண்டே அவசர அவசரமாக விழுங்கியதைக் கண்டேன். காரணம் கேட்டபோது, "மாஸ்டர் பாத்தா, இதைத் தின்னுட்டு எப்படிக் குதிப்பேன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு" என்றாள். அந்தச் சோற்றை விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தவள் அவளுடைய தாய். பயிற்சியாளரின் சொல் மகளைச் சுட்ட கையோடு தாயையும் சுடுகிறது.

பயிற்சியாளருடைய கவலைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கனம் குறைந்த, சிறிய சரீரம் ஆகாயத்தில் விரைவாகச் சுழலும் என்பது பௌதிக விதி. பாக்கெட்டில் வரும் சிப்ஸும் குளிர்பானமும் பயிற்சிக்கு உகந்தவை அல்ல என்று அவர் சொன்னால் அதை மறுப்பாரில்லை. ஆயினும், சிறுமியின் உடலே இக்கலையின் லட்சணம் என்னும் எண்ணம் ஆதியில் இருந்ததன்று. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கங்களை அள்ளிய ஹங்கேரி நாட்டு ஆக்னஸ் கெலட்டிக்கு அப்போது வயது 35. 1976-ல் மாண்ட்ரியாலில் பதினான்கு வயது நாடியா கொமனேச்சி முழுமையான பத்து மதிப்பெண் பெற்ற அதிசயத்துக்குப் பிறகே, குழந்தையின் மெலிந்த உருவத்தை எப்பாடுபட்டாவது நீட்டித்து வைக்க வேண்டும் என்ற ஆவேசம் பல தேசங்களிலும் பரவிற்று.

அந்த ஆவேசத்துக்குப் பலியானவர்களில் ஒருத்தி அமெரிக்காவின் கிறிஸ்டி ஹென்ரிச். 1988-ல் புடாபெஸ்ட் நகரப் போட்டிக்குச் சென்றிருந்தபோது, எடையைக் குறைக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொன்ன சொல் அவள் மனத்தில் முள்ளாகத் தைத்தது. உணவை வெறுக்கும் வியாதி முற்றி, 1994-ல், இருபத்திரண்டாவது வயதில், உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலற்று மாண்டாள். பிரிட்டனிலோ, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் குழந்தைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் நடத்திய விசாரணைக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்பினார்கள். 2022 ஜூனில் வெளியான அவருடைய அறிக்கையில், பயிற்சியாளர்கள் குழந்தைகளின் பைகளையும் அறைகளையும் சோதித்துத் தின்பண்டம் தேடியதும், குழந்தைகள் படுக்கைக்கு அடியிலும் கூரைப் பலகைகளுக்கு மேலும் ஆகாரத்தை ஒளித்து வைத்ததும் பதிவாகியுள்ளன. கண்டிப்பு அங்கே ஒழுக்கத்தை வளர்க்கவில்லை. ஒளித்துத் தின்னவும், தின்னாமல் இருக்கவும், பொய் சொல்லவுமே கற்றுக்கொடுத்தது. அதன் பின்னர், 2023-ல், பயிற்சியாளர்கள் தாமே குழந்தைகளை எடை பார்க்கக் கூடாதென்று அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் விதி செய்தது.

நம் தேசத்தில் இந்த அபாயம் இன்னும் கடுமையானது என்பது என் திடமான அபிப்பிராயம். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தமே போதாத நாட்டில், பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் "சோற்றைக் குறை" என்று சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டும்! அதிலும், குருவின் வாக்குக்கு எதிர்வாக்குப் பேசாத பழக்கத்தில் வளர்ந்த குழந்தை, வீட்டுக்கு வந்ததும், "எனக்குப் பசிக்கலம்மா" என்று தட்டைத் தள்ளிவிடுகிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை.

பயிற்சியில் செலவாகும் சக்தி போக எஞ்சியது உடலின் அன்றாட வேலைக்குப் போதாமற்போனால் நேரும் கேட்டுக்கு, 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு தனிப் பெயரே சூட்டிற்று. செலவைச் சுருக்க முற்படும் உடல், முதலில் நிறுத்துவது உயிர் நிலைப்பதற்கு உடனடியாக வேண்டாத காரியங்களை: மாதவிலக்கு தாமதிக்கிறது அல்லது நின்றுபோகிறது, எலும்பு கட்டும் பணி தளர்கிறது. இளம் பருவத்தில் சேமிக்கப்படாத எலும்பைப் பிற்காலத்தில் ஈடுசெய்வது அரிது. வால்ட் என்னும் தாண்டு மேசையிலிருந்து தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பன்மடங்கு பாரத்தைக் கால் எலும்பு தாங்கியாக வேண்டிய இந்த விளையாட்டில், பட்டினி கிடந்த எலும்பு விரிசல் காண்பதில் வியப்பென்ன? 2016-ல் ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் நான்காம் இடம் பெற்ற நம் அகர்தலாவின் தீபா கர்மாகருக்கு அப்போது வயது 23. அதே போட்டியில் அவரோடு குதித்த உஸ்பெகிஸ்தானத்து ஒக்சானா சுசோவிதினாவுக்கு 41. நீடித்து நிற்கும் உடலை உண்டாக்குவதே பயிற்சியின் நோக்கமென்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகாரம் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால், பயிற்சியாளர் தாயையோ தகப்பனாரையோ தனியே அழைத்துச் சொல்லட்டும். அதுவும் எதைக் கொடுக்கலாம் என்று சொல்லட்டும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். முடிந்ததும் சுண்டல், அவித்த முட்டை, பால். வீட்டில் கேழ்வரகு அடை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலுமிச்சைச் சாதத்தையும் விலக்க வேண்டியதில்லை. அதோடு ஒரு கிண்ணம் பயறு சேர்ந்தால் போதும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. குழந்தை தட்டைத் தள்ளுவது, அடிக்கடி எடை பார்ப்பது, ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருப்பது, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வராமற்போவது: இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த போட்டி முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். காட்டுப்பாக்கத்தாருக்கு அதற்காகத் தொலைதூரம் போக அவசியமில்லை. போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையிலேயே விளையாட்டு மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.