சீஸுக்கு அஞ்சிய காலம்

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். துவண்டு கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், சிரித்தார்கள், நடனம்கூட ஆடினார்கள். 1957இல் நேதன் க்ளைன் அதே மருந்தை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலனை அறிவித்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்குப் பலிக்காத இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதாக எழுதினார். வேறொன்றைத் தேடிப்போன இடத்தில் கிடைத்தவை இரண்டும்.

மூளையின் நரம்பணுக்கள் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருட்கள் வழியாகச் சேதி கடத்துகின்றன. அவற்றைச் சிதைக்கும் நொதியை இப்ரோனியாசிட் வகை முடக்கியது. அந்த நொதிக்குக் குடலிலும் வேலை உண்டு. நாட்பட்ட சீஸில் இருக்கும் டைரமினைச் சிதைப்பது அதுதான். அது முடங்கினால் டைரமின் ரத்தத்தில் கலந்து அழுத்தத்தை எகிறவைக்கும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. இவ்வகை மாத்திரை எடுத்துவந்த தன் மனைவிக்குச் சீஸ் சாப்பிட்டால் தலைவலி வருவதைக் கவனித்த மருந்தாளுநர் ஒருவர் எழுதிய கடிதம்தான், 1963இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் பாரி பிளாக்வெல்லுக்குத் துப்புக் கொடுத்தது.

இமிப்ரமின் வகைக்குச் சீஸைத் தவிர்க்கும் பத்தியம் இல்லை. வெளியான வேதிப்பொருளை நரம்பணு திரும்ப உறிஞ்சாமல் அது தடுக்கும். கூடவே வேறு பல ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வாய் வறளும், மலம் கட்டும், சிறுநீர் தடைபடும், எழுந்தால் தலை சுற்றும். அளவு மீறினால் இதயத்துடிப்பு தடம்புரண்டு உயிரே போகும். வாழ்வை வெறுத்திருப்பவரிடம் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்தனுப்ப மருத்துவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

1987 இறுதியில் ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இந்த வகை பெரும்பாலும் செரட்டோனின் உறிஞ்சலை மட்டுமே தடுக்கும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் இதன் உறவுகள். அளவு மீறி விழுங்கியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு பழைய மாத்திரைகளைவிட மிக அதிகம். அன்றைக்கும் இன்றைக்கும் இடையிலான பெரிய மாற்றமாக நான் கருதுவது இதைத்தான். குணமாக்கும் வலிமை அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், முதல் மாத்திரையிலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். செரட்டோனினில் மாற்றம் சில மணி நேரத்தில் தொடங்கினாலும், மனம் தெளிய வாரங்கள் ஆகின்றன.

பக்கவிளைவுகள் தீரவில்லை, வெளியே சொல்ல முடியாதவையாக மாறிவிட்டன. குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பாலுறவில் நாட்டம் குறைவதும் உச்சம் எட்டாததும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். நோயாளி கூச்சத்தால் சொல்வதில்லை, மருத்துவரும் பல நேரம் கேட்பதில்லை. மருத்துவர்தான் முதலில் கேட்க வேண்டும். வயதானவர்களுக்குச் சோடியம் குறைகிறதா என்றும், இளைஞர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிற புதிய மாத்திரைகளில் வென்லஃபாக்சின் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். மிர்டாசபின் தூக்கத்தையும் உடல் எடையையும் கூட்டும்.

யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் தூக்கமின்மையும் வரும்போது நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். நிறுத்துவதென்றால் மருத்துவரின் கண்காணிப்பில், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.