பஞ்சு மாதிரி இருக்கேன்னு தொட்டுடாதீங்க!

லீவுக்கு சேலத்திலிருந்து நாத்தனார் பிள்ளைகளோடு ஓசூர் வந்திருந்தாள். "பக்கத்துல எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றாள். புளிசாதம் கட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குக் கிளம்பினோம். முந்தின வாரம் நல்ல மழை. மதகுத் தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை, மலை மாதிரி குவிந்து கிடந்தது.

"அத்தை, ஐஸ்!" என்று சின்னவன் ஓடினான். நான் கத்துவதற்குள் இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டான். வாட்டர் பாட்டில் தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவியும், ராத்திரி கையெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. மறுநாள் டாக்டர் களிம்பு கொடுத்த பிறகுதான் அடங்கியது.

தென்பெண்ணை நந்திமலையில் பிறந்து, பெங்களூரு பக்கமாக வருகிற ஆறு. அங்கே சாக்கடை, ஆலைக் கழிவு, சோப்புத்தூள் தண்ணீர் எல்லாம் அதில் கலக்கிறது. மதகிலிருந்து விழும்போது காற்று புகுந்து பொங்குகிறது. நம் வீட்டு வாளியில் பொங்குகிற அதே சமாச்சாரம்தான் (கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கிறது). மழைக்காலத்தில் தண்ணீர் அதிகம் திறந்தால் நுரையும் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் மேலே நின்று பார்த்துவிட்டு, பூங்காவோடு திரும்பிவிடுங்கள்.

அடுத்த நாள் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். காமராஜர் காலத்து அணை, நிழலான பூங்கா. வாசலில் மீன் வறுவல் வாசனை ஆளை இழுத்தது. நாத்தனார் மட்டும், "அண்ணி, இதுவும் அதே ஆறுதானே?" என்றாள். பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

- ஒரு வாசகி, ஓசூர்.